அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள்

திரைப்படப் பள்ளிகளிலும் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் ஊர்தோறும் இயங்கும் திரைப்படச் சங்கங்களிலும் உலக சினிமா வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. படம் பார்க்கிறவன், படங்களைப் பற்றி வாசிக்கிறவன். உங்களைப் போன்றவர்கள் நடத்திய வகுப்புகளில் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மூன்று நாள் பயிலரங்கில் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்து 1915இல் வெளிவந்த, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் மௌனப்படம். அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் தென் மாநில வெள்ளையர் பக்கம் நின்று சொல்லி, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை நாயகர்களாகக் காட்டும் படம். ஆசிரியர் ஆங்காங்கே படத்தை நிறுத்தி, அண்மைக் காட்சி எங்கே வருகிறது, இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டிப் பதற்றத்தை எப்படி ஏற்றுகிறார்கள் என்று விளக்கினார். நன்றாகவே விளக்கினார். படம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “கறுப்பின மக்களை இவ்வளவு கேவலமாகக் காட்டும் இந்தப் படத்தில் அவர்களில் யாராவது நடித்தார்களா? நடித்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்?” என்று கேட்டார். “அது அந்தக் காலத்து அரசியல், நாம் திரைமொழியை மட்டும் பார்ப்போம்” என்று பதில் வந்தது. தேநீர் இடைவேளை விட்டார்கள். என் குறிப்பேட்டில் “இணைப் படத்தொகுப்பு” என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தேன். அந்த மாணவியின் கேள்வியை எழுதிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. நடித்தார்கள். அவர்களில் ஒருவரை நாற்பதாண்டுகளுக்கு மேல் அமெரிக்கத் திரையில் தொடர்ந்து பார்க்க முடியும். அவர் பெயர் மேடம் சுல்-டே-வான். அமெரிக்காவில் ஒரு திரைப்பட இயக்குநரோடு ஊதிய ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் கறுப்பின நடிகை என்று அவரைச் சொல்கிறார்கள். அன்று அந்த அறையில் எங்கள் எல்லோர் கண்முன்னும் அவர் திரையைக் கடந்து போனார். பெயர் சொல்வார் இல்லாததால் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

இந்த மடலின் கோரிக்கை எளியது. இனி நீங்கள் அந்தப் படத்தைத் திரையிடும்போது அவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையையே சற்று விரிவாக எடுத்து வைக்கிறேன்.

அவர் 1873 மார்ச் 7 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நெல்லி கிராஃபோர்ட். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. தந்தை சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் துணி வெளுத்துப் பிழைத்தார், அதுவும் நாடக நடிகைகளின் துணிகளை. மேரி ஆண்டர்சன், ஃபேனி டேவன்போர்ட் போன்ற அந்தக் காலத்துப் பெரிய நடிகைகளின் உடைகள் அவர் கையால் வெளுக்கப்பட்டன. வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வேலை சிறுமி நெல்லிக்கு. நம் ஊர்களில் வெளுத்த துணியைக் கொண்டுவருகிறவர் எந்த வாசலில் நின்றார் என்பது நமக்குத் தெரியும். நெல்லி நின்றதும் அரங்கத்தின் பின்வாசலில்தான். அந்த வாசலில் ஒரு வசதி இருந்தது. உள்ளே ஒத்திகை நடப்பது அங்கிருந்து தெரியும்.

அங்கே நின்று பார்த்துப் பார்த்தே அந்தப் பெண் நடிக்கவும் ஆடவும் கற்றுக்கொண்டாள். உள்ளூர் அரங்கம் ஒன்றில் நடந்த நடனப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கியதை, கலிபோர்னியாவின் கறுப்பின முன்னோடிகளைப் பற்றி 1919இல் நூல் எழுதிய டெலைலா பீஸ்லி குறித்து வைத்திருக்கிறார். பரிசாகக் கொடுத்தது பாத்திரம் கழுவும் சட்டி ஒன்றும் ஒரு கரண்டியும். நான் இந்த வரியை வாசித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். பின்னாளில் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்த வேடங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டியையும் கரண்டியையும் கையில் பிடித்தபடி நிற்கும் வேடங்கள்.

இளம் வயதில் சின்சினாட்டிக்குப் போனார். ‘கிரியோல் நெல்’ என்ற பெயரில் மேடையேறினார். நாடகக் குழுக்களில் நடித்தார், சொந்தமாகக் குழுக்களும் நடத்தினார். ‘கறுப்பு நானூறு’ என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தார். நியூயார்க்கின் வெள்ளைச் செல்வச் சீமான்களை அந்நாளில் “நானூற்றுவர்” என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை எடுத்து அதற்கு முன்னால் ‘கறுப்பு’ என்று சேர்த்த துணிச்சலைக் கவனியுங்கள். திருமணம் செய்துகொண்டு, பிறகு குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்து, லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் ஆர்கேடியா என்ற ஊரில் குடியேறினார். அங்கே கணவர் அவரைக் கைவிட்டுப் போனார். மூன்று ஆண் குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு மூன்று வாரம். வாடகை பாக்கி. அறக்கொடை நிறுவனங்களின் வாசலில் நிற்க வேண்டிய நிலை. நாடக முகவர்களும் வாய்ப்புத் தரவில்லை.

அப்போதுதான் கிரிஃபித்துக்கு ஒரு கடிதம் எழுதினார்.

இந்த இடத்தை உங்கள் வகுப்பில் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கிரிஃபித்தும் கென்டக்கிக்காரர். லூயிவிலுக்குப் பக்கத்து மாவட்டமான ஓல்டமில் 1875இல் பிறந்தவர். நெல்லியைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய தந்தை உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் படையில் கர்னலாக இருந்தவர். தந்தை இறந்து குடும்பம் நொடித்த பிறகு லூயிவிலுக்குத்தான் வந்தார்கள். நாடகப் பைத்தியம் கிரிஃபித்துக்குப் பிடித்ததும் அந்த நகரத்தில்தான். ஒரே ஊர், ஒரே தலைமுறை, ஒரே ஆசை. ஒருவர் படைத் தலைவரின் மகன், இன்னொருவர் வெளுக்கும் பெண்ணின் மகள். முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சந்தித்தபோது, ஒருவர் தன் தந்தையின் தோற்றுப்போன படைக்குக் காவியம் பாடிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு அதில் நாளுக்கு மூன்று டாலர் கூலி கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. கதாநாயகிகள் பதினாறு, பதினெட்டு வயதில் அறிமுகமான காலத்தில், மூன்று பிள்ளைகளின் தாயாக அவர் கேமராவின் முன் வந்து நின்றார். அவருடைய வேலையைப் பார்த்த கிரிஃபித் விரைவிலேயே கூலியை ஐந்து டாலராக உயர்த்தினார். ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலையில் நாளுக்கு ஐந்து டாலர் கொடுப்பதாக 1914 ஜனவரியில் அறிவித்தபோது நாடே பேசியது என்பதை நினைவில் வைத்தால், அந்த ஐந்து டாலரின் எடை புரியும்.

படத்தில் அவர் ஒரு பாத்திரம் மட்டும் செய்யவில்லை, பல இடங்களில் பல ஆட்களாக வருகிறார். கதையின் மையமான தென் மாநில வெள்ளைக் குடும்பத்தின் தலைவர் டாக்டர் கேமரன். கைதுசெய்யப்பட்டு இழுத்துவரப்படும் அவரை முகத்துக்கு நேராகக் கேலி செய்யும் பெண் சுல்-டே-வான்தான் என்று பதிவுகள் சொல்கின்றன. பீஸ்லி இன்னொரு செய்தியும் தருகிறார். அடிமை முறைக்குப் பிறகு கறுப்பின மக்கள் அடைந்த வளர்ச்சியைக் காட்டும் வகையில், விலையுயர்ந்த உடை அணிந்த செல்வந்தப் பெண்ணாக அவர் தோன்றும் ஒரு பகுதியை கிரிஃபித் அவருக்கென்றே எழுதச் செய்தாராம். அந்தப் பகுதி தணிக்கையில் போய்விட்டது. கேலி செய்யும் பெண் மிஞ்சினார்.

அதே படத்தில் ‘மாமி’ என்ற வேலைக்காரப் பெண் பாத்திரம் இருக்கிறது. கேமரன் குடும்பத்துக்கு விசுவாசமாக இருந்து, துணிந்து செயல்படும், படம் முழுக்க வரும் முக்கியமான குணச்சித்திர வேடம். அதைச் செய்தவர் ஜென்னி லீ என்ற வெள்ளைக்கார நடிகை, முகத்தில் கரி பூசிக்கொண்டு. லிடியா, சைலஸ் லிஞ்ச், கஸ் என்று பெயருள்ள மற்ற பாத்திரங்களும் அப்படியே. முக்கிய வேடங்களில் கறுப்பர்களைப் போடுவதில்லை என்று யோசித்தே முடிவெடுத்ததாக கிரிஃபித் சொல்லியிருக்கிறார். ஆகவே பெயருள்ள கறுப்பரை வெள்ளையர் நடித்தார்கள். பெயரில்லாத கறுப்பரைக் கறுப்பர் நடித்தார்கள். ஜென்னி லீ வரும் ஒரு காட்சியையும் சுல்-டே-வான் வரும் ஒரு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். மாணவர்களிடம் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. இதைவிடத் தெளிவான திரைமொழிப் பாடத்தை நான் அறியேன்.

1915 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலஸின் க்ளூன் அரங்கில் படம் வெளியானது. அப்போது அதன் பெயர் ‘தி கிளான்ஸ்மன்’. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளை படத்தைத் தடுக்க நீதிமன்றம் வரை போய்ப் போராடியது. அந்தச் சமயத்தில் சுல்-டே-வானை வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டு குற்றச்சாட்டுகள். ஒரு வெள்ளை நடிகையின் புத்தகத்தைத் திருடினார் என்பது ஒன்று. படத்துக்கு எதிராகக் கறுப்பின மக்களைத் தூண்டிவிட்டார் என்பது இன்னொன்று.

இதில் என்னை உலுக்குவது அடுத்து அவர் செய்த காரியம். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. எட்வர்ட் செருட்டி என்ற வழக்கறிஞரிடம் போனார். அந்தப் படத்தை எதிர்த்த அதே அமைப்பைச் சேர்ந்த, நகரின் பெயர்பெற்ற கறுப்பின வழக்கறிஞர் அவர். செருட்டி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். குற்றச்சாட்டு நிற்கவில்லை, அவரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1915இல், தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பின நடிகை ஒருவர், அமெரிக்காவின் மிகப் பெரிய இயக்குநரின் நிறுவனத்துக்கு வக்கீல் கடிதம் அனுப்பி வேலையைத் திரும்பப் பெற்றார். சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் படத்தின் வசூலும் வெள்ளை மாளிகையில் அது திரையிடப்பட்டதும் வருகின்றன. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் கூ கிளக்ஸ் கிளான் மறுபடி உயிர்பெற்றதைக்கூடப் பொறுப்பான சிலர் எழுதுகிறார்கள். இந்த வக்கீல் கடிதம் வருவதில்லை.

அவருடைய பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லி கிராஃபோர்ட் எப்போது, எதனால் சுல்-டே-வான் ஆனார் என்று உடன் வேலை செய்தவர்களுக்கே புரியவில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை என்ற பொருளில் லிலியன் கிஷ் பிற்காலத்தில் எழுதினார். அவரோ கிரிஃபித்தின் முதன்மை நாயகி! வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களை வயது பாராமல் முதற்பெயர் சொல்லியோ ‘ஆன்ட்டி’ என்றோ கூப்பிட்ட நாடு அது. ‘மிஸஸ்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்க மாட்டார்கள். இவர் ‘மேடம்’ என்பதைப் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்டார். யார் கூப்பிட்டாலும் மரியாதையோடுதான் கூப்பிட்டாக வேண்டும். வருகைப் பட்டியல் வாசிக்கிறவரும், சம்பளம் கொடுக்கிறவரும், ஒளி அமைக்கிறவரும், எல்லோரும். இதை அவர் திட்டமிட்டே செய்தார் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஒரு வினைமுற்றின் கடைசி எழுத்தில் ஒருவரின் மரியாதையை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ‘வந்தாள்’ என்பதற்கும் ‘வந்தார்’ என்பதற்கும் நடுவில் எத்தனை தலைமுறை வலி இருக்கிறது என்று தெரிந்த நமக்கு, இந்தப் பெயரின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்த மௌனப்பட ஆண்டுகளை வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் வேடங்கள் அப்படிப்பட்டவை. 1916இல் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’. அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வேலைக்காரி, செவிலித்தாய், சமையற்காரி, கூட்டத்தில் ஒருத்தி. 1927இல் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’. பெரும்பாலான படங்களில் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கலாம் என்றால் அவையும் பெரும்பாலும் இல்லை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான 10,919 முழுநீள மௌனப்படங்களில், வெளியானபோது இருந்த அதே வடிவில் மிஞ்சியவை 1,575 மட்டுமே என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. நூற்றுக்குப் பதினான்கு. நாயகிகளுக்காவது பத்திரிகைப் படங்களும் விளம்பரத் தாள்களும் மிஞ்சும். சமையற்காரியாக வந்தவருக்குச் சுருள் அழிந்தால் எல்லாமே அழிந்த மாதிரிதான்.

ஒரு படத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இயக்கிய ‘குயின் கெல்லி’. கதையின் பிற்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு விலைமாதர் விடுதியில் நடக்கிறது. அந்த விடுதியின் சமையற்காரியாக சுல்-டே-வான். பாத்திரத்தின் பெயர் காளி சானா. அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தயாரிப்பில் பங்குள்ள நாயகி குளோரியா ஸ்வான்சன் பொறுமை இழந்து 1929 ஜனவரியில் படப்பிடிப்பை நிறுத்தினார். பின்னர் ஐரோப்பாவில் வெளியான வடிவத்தில் ஆப்பிரிக்கக் காட்சிகள் இல்லை. அவை சேர்ந்த மீட்டெடுத்த வடிவம் 1985இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. சுல்-டே-வான் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேசும் படம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். எத்தனையோ மௌனப்பட நட்சத்திரங்கள் குரல் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட காலம். மேடையில் வளர்ந்த இவருக்குக் குரல் ஒரு தடையே இல்லை. 1933இல் பார்பரா ஸ்டான்விக் நடித்த ‘லேடிஸ் தே டாக் அபவுட்’ படத்தில் சிறைக் கைதி. 1934இல் ‘பிளாக் மூன்’ படத்தில் ரூவா. 1937இல் ‘மெய்ட் ஆஃப் சேலம்’ படத்தில் டிடூபா.

டிடூபா கற்பனைப் பாத்திரம் இல்லை. 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் கிராமத்தில் சூனியக் குற்றச்சாட்டில் முதலில் சிக்கியவர்களில் ஒருவர், ஒரு பாதிரியாரின் வீட்டில் அடிமையாக இருந்த பெண். அவருடைய வாக்குமூலத்தோடுதான் அந்தப் பெரும் வெறியாட்டம் பற்றிக்கொண்டது. சுல்-டே-வானின் நீண்ட வாழ்க்கையில் நடிக்க இடம் கொடுத்த வேடங்களில் இதுவே முக்கியமானது என்று பலரும் சொல்வார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். அறுபத்து நான்கு வயதில் அது கிடைத்தது. பொய்யான பழியைச் சுமந்து, அதிகாரத்தின் முன் நிற்கும் பெண்ணின் பாத்திரம், திருட்டுப் பழியைச் சுமந்து வக்கீலிடம் போனவருக்குக் கிடைத்தது.

இங்கே நம் சொல் ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். தமிழில் இப்படிப்பட்டவர்களை ‘குணச்சித்திர நடிகை’ என்கிறோம். நாயகி இல்லை, வில்லி இல்லை, நகைச்சுவைக்கென்று வந்தவரும் இல்லை, மீதமுள்ள மனிதர்களை எல்லாம் நடித்துத் தருகிறவர். ஒரு மனிதரின் குணத்தைச் சித்திரமாக வரைகிறவர் என்று அந்தச் சொல் சொல்கிறது. சுல்-டே-வானுக்கு ஹாலிவுட் கொடுத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குணம் என்று எதுவும் எழுதப்படவில்லை. “சமையற்காரி”, “பழங்குடிப் பெண்”, “கைதி” என்று ஒரு சொல்லோடு எழுத்தாளரின் வேலை முடிந்துவிட்டது. அந்த வெற்றுத் தாளில் அவர் எதையாவது வரைந்தாக வேண்டும். அரை நிமிடத்துக்குள். உங்கள் மாணவர்களில் நடிப்புப் பயில்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இந்த அரை நிமிடங்களைக் காட்டுங்கள். உடம்பை அவர் எப்படி நிறுத்துகிறார், பிறர் பேசும்போது என்ன செய்கிறார், திரையை விட்டு வெளியேறும்போது எப்படி வெளியேறுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

1953இல் அவருக்கு எண்பது வயது நிறைந்ததைக் கொண்டாட ஹாலிவுட்டில் ஒரு விருந்து நடந்தது. திரைத்துறையினர் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். கறுப்பின நடிகையரில் அடுத்த தலைமுறையின் பெரிய பெயரான லூயிஸ் பீவர்ஸ் வந்தார். கிரிஃபித் படத்தில் கறுப்பர் துரத்துவதாகக் காட்டப்படும் தங்கை வேடத்தில் நடித்த மே மார்ஷும் வந்தார். படத்தில் அந்தத் தங்கை, கரி பூசிய வெள்ளை நடிகர் ஒருவருக்குப் பயந்து பாறையிலிருந்து குதித்துச் சாவாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்த நடிகை, உண்மையான கறுப்பின நடிகையின் பிறந்தநாள் விருந்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுவருடம் ஓட்டோ பிரெமிங்கரின் ‘கார்மன் ஜோன்ஸ்’. டோரதி டான்ட்ரிட்ஜின் பாட்டியாக ஒரு சிறு வேடம். டான்ட்ரிட்ஜ் அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், அந்தப் பிரிவில் அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். நிஜ வாழ்விலும் இவர்கள் பாட்டியும் பேத்தியும்தான் என்று ஒரு வதந்தி நெடுநாள் உலவியது. உண்மை இல்லை. ஆனால் அந்த வதந்தியை நம்ப விரும்பியவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 1958 வரை நடித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு 1959 பிப்ரவரி 1 அன்று, வுட்லண்ட் ஹில்ஸில் திரைக் கலைஞர்களுக்காக நடத்தப்படும் முதியோர் இல்லத்தில் இறந்தார். வயது எண்பத்தைந்து. 1986இல் கறுப்பினத் திரைக் கலைஞர்களுக்கான புகழ் மன்றம் அவர் பெயரைச் சேர்த்தது.

உங்களில் சிலர் கேட்கக்கூடும்: தன் மக்களை இழிவுசெய்த படத்தில் காசுக்கு நடித்தவரை எதற்குக் கொண்டாட வேண்டும்? நியாயமான கேள்வி. அவருடைய காலத்திலேயே அவர் சமூகத்தில் இதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் கிரிஃபித்தைப் பற்றிக் கடைசிவரை நன்றியோடும் பற்றோடும்தான் பேசினார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அதை வாசிக்கும்போது எனக்கு வலிக்கிறது. ஆனால் மூன்று வாரக் குழந்தையோடு நின்றவளுக்கு அந்த நகரத்தில் வேறு யார் கதவு திறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. கிரிஃபித்துக்கு அவருடைய எல்லாக் குறைகளோடும் இரண்டு வாரப் பாடம் ஒதுக்குகிறோம். இந்தப் பெண்ணுக்கு அவருடைய சிக்கல்களோடு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

அந்த ஒரு மணி நேரத்தோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். கிரிஃபித் படத்துக்கு ஐந்தே ஆண்டுகளில், 1920இல், ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநரின் ‘விதின் அவர் கேட்ஸ்’ வெளிவந்தது. ஈவலின் பிரியர் நாயகி. கும்பல் கொலையையும் வெள்ளையர் செய்த பாலியல் வன்முறையையும் நேருக்கு நேர் காட்டிய படம். அதுவும் தொலைந்துபோய், ஸ்பெயினில் கிடைத்த ஒரு பிரதியிலிருந்து 1993இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் மீட்கப்பட்டது. கிரிஃபித்தைத் திரையிட்டுவிட்டு மிஷோவைத் திரையிடாமல் விடுவது, வாதி பேசியதும் நீதிமன்றத்தைக் கலைத்துவிடுவது போல என்று எனக்குத் தோன்றுகிறது. இணைப் படத்தொகுப்பை அந்தப் படத்திலும் கற்பிக்கலாம். நிச்சயமாகக் கற்பிக்கலாம்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் தள்ளி நிற்கவும் முடியாது. மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்த குற்றத்துக்காக பி. கே. ரோசி என்ற தலித் பெண் திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்டார். நாகர்கோவில் பக்கம் வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. ரோசி எப்படி நடித்தார் என்று இனி யாரும் பார்க்க முடியாது. சுல்-டே-வானைப் பார்க்க முடியும். நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் திரையிடும் படத்திலேயே அவர் இருக்கிறார். தேடிப் போக வேண்டிய வேலைகூட இல்லை, படத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் போதும்.

இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். அந்த வகுப்புக்குப் பிறகு மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுங்கள். அவரவர் தாத்தா பாட்டி பார்த்த பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறவர், ஒப்பாரி வைக்கிறவர், வாசலில் நின்று செய்தி சொல்கிறவர், இவர்களில் ஒருவருடைய பெயரையாவது கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். எளிதில் கிடைக்காது. எவ்வளவு தேட வேண்டியிருந்தது என்பதையும் எழுதி வரச் சொல்லுங்கள்.

ஜூன் மாதம் புதிய வகுப்புகள் தொடங்கும். பாடத்திட்டம் மாறியிருக்காது, முதல் வாரங்களில் கிரிஃபித் வருவார். சுல்-டே-வானைப் பற்றி நான் திரட்டியவற்றைத் தமிழில் சில பக்கங்களாகத் தொகுத்து வைத்திருக்கிறேன். கேட்கிற எந்த ஆசிரியருக்கும் அனுப்புகிறேன். அழைத்தால் நேரில் வந்து, படத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டவும் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்பில் தரையில் உட்கார்ந்திருந்த பழைய மாணவன்